வெள்ளை ஜீப்பில் வந்த சாட்சி

(முன்னாள் மாணவர் சங்கத்தின் ஆண்டுக் கூடுகையில் ஆற்றிய உரை. மலருக்காகச் சற்றே திருத்தி எழுதப்பட்டது.)

 

செயலாளர் அண்ணன் போன மாதம் போன் பண்ணி, "தம்பி, இந்த வருஷம் நீ பேசணும். ஏதாவது உபயோகமா பேசு. ஆனா கான்கிரீட் வேண்டாம்ப்பா, போன வருஷம் பேசினவரும் கான்கிரீட்தான்" என்றார். சரிண்ணே என்று சொல்லிவிட்டேன். கடைசியில் கொஞ்சம் கான்கிரீட் வரும். அண்ணன் மன்னிக்கணும்.

நான் பேசப்போவது ஐக்கிய நாடுகள் சபையின் ராணுவப் பார்வையாளர்களைப் பற்றி. அதிலும் குறிப்பாக, 1949லிருந்து காஷ்மீரில் உட்கார்ந்திருக்கும் ஒரு சின்னக் குழுவைப் பற்றி. 'சிவில் படிச்சவனுக்கு இதில் என்ன வேலை?' என்று கேட்பீர்கள். நான் ராணுவத்தில் ஒரு நாளும் இருந்தவன் இல்லை. என்.சி.சி.யிலேயே இரண்டாவது வருஷத்தோடு நின்றவன். காலை டிபனுக்காகத்தான் சேர்ந்தேன் என்று என் ரூம்மேட் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து சிரிக்கிறான். அது உண்மைதான்.

இந்த விஷயம் எனக்குத் தாத்தா மூலமாக வந்தது. அவர் மெட்ராஸ் சாப்பர்ஸில் ஹவில்தாராக இருந்தவர். பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட மெட்ராஸ் என்ஜினியர் குரூப்பைத்தான் அப்படிச் சொல்வார்கள். அந்தப் படைக்காரர்களை இந்திய ராணுவம் முழுக்க 'தம்பி' என்றுதான் கூப்பிடுவார்களாம். எழுபது வயசுக்கு மேலேயும் தாத்தா, "நான் தம்பிடா" என்பார். திருமங்கலம் தாண்டி ஒரு கண்மாய்க்கரை ஊர் எங்களுடையது. பென்ஷன் வாங்கி வந்து, நாலு குறுக்கம் நிலத்தோடு அங்கேயே கடைசிவரை இருந்தார்.

அறுபதுகளின் ஆரம்பத்தில் அவர் பூஞ்ச் பக்கம் இருந்தார். அங்கே நடந்ததாக ஒரு கதையை என்னிடம் பத்துத் தடவையாவது சொல்லியிருப்பார். மழையில் சரிந்த ஒரு பதுங்குகுழியை இவர்கள் நாலைந்து பேர் ராத்திரியோடு ராத்திரியாக மண் அணைத்துச் சரி செய்கிறார்கள். மூன்றாம் நாள் ஒரு வெள்ளை ஜீப் நீலக்கொடி கட்டிக்கொண்டு வருகிறது. எந்த நாட்டுக்காரரோ, உயரமான ஒரு அதிகாரி இறங்குகிறார். இடுப்பில் துப்பாக்கி இல்லை. கையில் மேப், கழுத்தில் பைனாகுலர். யாரிடமும் சத்தம் போடவில்லை. நேரே பதுங்குகுழிக்குப் போய், குனிந்து, மண்ணை ஒரு பிடி எடுத்துப் பிசைந்து பார்க்கிறார். புது மண்ணா, பழைய மண்ணா? நோட்டில் இரண்டு வரி எழுதுகிறார். இவர்கள் கொடுத்த டீயைக் குடிக்கிறார். போய்விடுகிறார்.

"அவ்வளவுதானா தாத்தா?" என்பேன்.

"அவ்வளவுதான். அவன் சுடமாட்டான்டா. புடிச்சுக் கொண்டுபோகவும் மாட்டான். ஆனா அந்த ஜீப் வளைவுல திரும்புறது தெரிஞ்சாலே நாங்க சட்டையை இழுத்து விட்டுக்குவோம். அந்தப் பக்கத்துக்காரனும் அப்படித்தான் பண்ணியிருப்பான்."

மண்ணைப் பிசைந்து பார்த்தது ஏன் என்பது வெகுநாள் கழித்து நானாகப் படித்தபோதுதான் புரிந்தது. அதைச் சொல்ல வரலாற்றுக்குள் கொஞ்சம் போகவேண்டும். தூக்கம் வருகிறவர்கள் தூங்கலாம், நானும் இதே ஹாலில் தூங்கியவன்தான்.

1947ல் தொடங்கிய காஷ்மீர்ச் சண்டை 1949 ஜனவரி 1ஆம் தேதி போர்நிறுத்தத்தில் நின்றது. அதற்கு முந்தின வருஷமே பாதுகாப்பு சபை ஒரு ஆணையத்தை அமைத்திருந்தது. அதற்கு உதவியாக ராணுவப் பார்வையாளர்களின் முதல் குழு 1949 ஜனவரி 24 அன்று வந்து இறங்கியது. அந்த வருஷம் ஜூலை 27ல் கராச்சியில் இரண்டு ராணுவத்தின் பிரதிநிதிகளும் ஒரு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டு, சுமார் 800 கிலோமீட்டருக்குப் போர்நிறுத்தக் கோடு ஒன்றை வரைபடத்தில் போட்டார்கள். அந்த ஒப்பந்தத்தில் ஒரு ஷரத்து: படைகள் கோட்டிலிருந்து குறைந்தது 500 கஜம் தள்ளி நிற்கவேண்டும். அதாவது 450 மீட்டர் சொச்சம். புதிதாக அரண்களைப் பலப்படுத்தவும் கட்டுப்பாடு உண்டு. ஆகவே அந்த அதிகாரி பார்த்தது மண்ணின் வயசை. நம்ம ஊரில் ரோட்டுக்குத் தோண்டிய குழியை அன்றைக்கு மூடினானா, போன மாசம் மூடினானா என்று நாம் பார்ப்போமே, அதே வேலை. எதிர்ப்பக்கம் ஒரு புகார் கொடுத்திருக்கும், இவர் நேரில் வந்து பார்த்திருக்கிறார், அறிக்கை எழுதியிருக்கிறார். அவ்வளவுதான் அவருடைய அதிகாரம்.

1951 மார்ச்சில் ஆணையத்தின் வேலை முடிந்துபோனது. பார்வையாளர் குழு மட்டும் நின்றது. இந்தியா, பாகிஸ்தானுக்கான ஐ.நா. ராணுவப் பார்வையாளர் குழு என்பது அதன் முழுப்பெயர். கோடைக்காலத்தில் தலைமையகம் ஸ்ரீநகரில் இருக்கும், குளிர்காலத்தில் அந்தப் பக்கம் போய்விடும். முன்பு ராவல்பிண்டி, பிறகு இஸ்லாமாபாத். ஊட்டிக்குப் போகிற கவர்னர் மாதிரி.

இந்த வேலையைப் பதினைந்து வருஷத்துக்கும் மேலாகத் தலைமை தாங்கிப் பார்த்தவர் ஆஸ்திரேலியாவின் ஜெனரல் ராபர்ட் நிம்மோ. அவருக்கு முன் அந்தப் பதவியில் இருந்த கனடாவின் பிரிகேடியர் ஆங்கிள் 1950 ஜூலையில் விமான விபத்தில் இறந்துபோனார். நிம்மோ வந்தவர், திரும்பிப் போகவே இல்லை. 1966 ஜனவரியில் ராவல்பிண்டியில் காலமானார். தாஷ்கண்டில் சாஸ்திரியும் அயூப்கானும் உட்கார்ந்து பேசிய அதே ஜனவரி.

நிம்மோவைப் பற்றி ஒன்று நம் பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டும். 1965 ஆகஸ்டில் காஷ்மீருக்குள் ஆயுதம் தாங்கிய ஆட்கள் புகுந்தபோது, 'இது உள்ளூர்க் கலகம், எங்களுக்குச் சம்பந்தமில்லை' என்றது பாகிஸ்தான். இந்தியா சொன்னால் உலகம் நம்புமா? ஒரு கட்சிக்காரர் பேச்சு அது. ஆனால் நிம்மோவின் பார்வையாளர்கள் ஒவ்வொரு இடமாகப் போய்ப் பார்த்து எழுதியிருந்தார்கள். அதை வைத்துப் பொதுச்செயலாளர் ஊ தாண்ட் செப்டம்பர் 3ஆம் தேதி பாதுகாப்பு சபைக்கு அறிக்கை கொடுத்தார். ஆகஸ்ட் 5லிருந்து நடந்த மீறல்களில் பெரும்பகுதி, சீருடை போடாத ஆயுதக்காரர்கள் பாகிஸ்தான் பக்கத்திலிருந்து கோட்டைத் தாண்டி வந்ததுதான் என்பது அதன் சாராம்சம். துப்பாக்கியில்லாத நாற்பது ஐம்பது பேர் எழுதிய காகிதம் அது. யுத்தத்தை அது தடுக்கவில்லை. ஆனால் யார் தொடங்கினார் என்பதற்கு இன்றைக்கும் அந்தக் காகிதத்தைத்தான் எடுத்துக்காட்டுகிறார்கள்.

இங்கே ஒரு சின்ன என்ஜினியரிங் விஷயம். சர்வே பேப்பரில் அரியர் வைத்தவர்கள் கவனிக்கவும்.

கராச்சியில் போட்ட கோடு என்.ஜே. 9842 என்ற கிரிட் புள்ளியோடு நின்றுவிட்டது. அதற்கு மேலே மனுஷன் போகாத பனிமலை, அங்கே எவன் சண்டை போடப்போகிறான் என்று நினைத்து, 'அங்கிருந்து வடக்கே பனியாறுகள் வரை' என்று ஒரு வாசகத்தோடு முடித்துக்கொண்டார்கள். 1972ல் கோட்டைப் புதிதாக வரைந்தபோதும் அந்தப் புள்ளியைத் தாண்டவில்லை. வடக்கே என்றால் நேர்வடக்கா, மலைமுகட்டை ஒட்டிய வடக்கா, வடகிழக்கா? ஆளுக்கொரு அர்த்தம். 1984 ஏப்ரல் 13 அன்று இந்திய ராணுவம் சியாச்சினில் ஏறியது. அதற்குப் பிறகு இரண்டு பக்கமும் அங்கே குண்டு பட்டுச் செத்தவர்களைவிடக் குளிரிலும் பனிச்சரிவிலும் செத்தவர்கள் அதிகம். டிராயிங்கில் ஒரு டைமென்ஷன் போடாமல் விட்டால் என்ன ஆகும் என்று எங்கள் புரொபசர் ஒருவர் காட்டுக்கத்தல் கத்துவார். அவருக்கு இந்த உதாரணம் அப்போது தெரிந்திருந்தால் எங்களை இன்னும் ரெண்டு மணிநேரம் உட்கார வைத்திருப்பார்.

சரி, 1971 யுத்தம் முடிந்து, 1972 ஜூலையில் சிம்லா ஒப்பந்தம். போர்நிறுத்தக் கோடு கட்டுப்பாட்டுக் கோடு ஆனது. 'இனி எங்கள் வழக்கை நாங்கள் இருவரே பேசித் தீர்த்துக்கொள்கிறோம், மூன்றாம் ஆள் வேண்டாம், பழைய கோடே இல்லாதபோது அதைப் பார்க்க வந்தவர்களுக்கு என்ன வேலை?' என்பது இந்தியாவின் நிலை. 1972க்குப் பிறகு இந்தியா ஒரு புகார்கூட அவர்களிடம் கொடுத்ததில்லை. பாகிஸ்தான் தொடர்ந்து கொடுத்துக்கொண்டே இருக்கிறது. ஐ.நா. பொதுச்செயலாளரோ, பாதுகாப்பு சபை தீர்மானம் போட்டால்தான் இவர்களைத் திரும்ப அழைக்க முடியும் என்கிறார். சபை போடவில்லை. ஆகவே நாற்பது சொச்சம் அதிகாரிகள், குரோஷியா, தென்கொரியா, பிலிப்பைன்ஸ், ஸ்வீடன், தாய்லாந்து என்று எங்கிருந்தெல்லாமோ வந்து, ஒரு வருஷம் இருந்து போகிறார்கள். இந்தியப் பக்கம் அவர்கள் எங்கே போகலாம் என்பதற்கு ஏகப்பட்ட கட்டுப்பாடு. டெல்லியில் வாடகையில்லாமல் கொடுத்திருந்த பங்களாவைக்கூட 2014ல் காலி பண்ணச் சொல்லிவிட்டது அரசு.

நம் அரசு சொல்வதில் நியாயம் இருக்கிறது என்றுதான் நானும் நினைக்கிறேன். 2003 நவம்பரில் வந்த போர்நிறுத்தமும் சரி, 2021 பிப்ரவரியில் அதைப் புதுப்பித்ததும் சரி, 2025 மே மாதம் நாலு நாள் சண்டைக்குப் பிறகு 10ஆம் தேதி துப்பாக்கிகள் ஓய்ந்ததும் சரி, இரண்டு ராணுவத்தின் டி.ஜி.எம்.ஓ.க்கள் ஒருவரோடொருவர் போனில் பேசித்தான். வெள்ளை ஜீப்புக்கு அதில் பங்கில்லை. ஆனால் அந்த மே மாதம் ராத்திரிகளில் டி.வி. பார்த்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும். எந்தத் துறைமுகம் எரிந்தது, எந்த ஊர் பிடிபட்டது என்று ஆளாளுக்குக் கத்தினார்கள். விடிந்து பார்த்தால் பாதி நடக்கவே இல்லை. எங்கள் தெருவில் ராத்திரி ரெண்டு மணிக்கு ஒருவர் பட்டாசு வெடித்தார், எதற்கு என்று அவருக்கே காலையில் தெரியவில்லை. மண்ணை எடுத்துப் பிசைந்து பார்க்கிற ஆள் யாருமே இல்லையே என்று எனக்கு அன்றைக்குத்தான் தாத்தாவின் கதை திரும்ப ஞாபகம் வந்தது.

இந்த மாதிரி ஆள் நம் ஊருக்குப் புதுசில்லை. கண்மாய்ப் பாசனம் தெரிந்தவர்களுக்கு நீர்க்கட்டியைத் தெரியும். சில ஊரில் நீர்பாய்ச்சி என்பார்கள். எந்த மடையை எத்தனை நேரம் திறப்பது, எந்த வயலுக்கு முதல் தண்ணீர், எதற்குக் கடைசி என்று பார்ப்பவர். எங்கள் ஊரில் அவருக்கு அந்தக் கண்மாய்க்குக் கீழே ஒரு செண்ட் நிலம் கிடையாது. பல ஊர்களில் அப்படித்தான். நிலம் இருந்தால் தன் வயலுக்கு ஒரு கை கூடத் திருப்பிவிடத் தோன்றும் அல்லவா? கூலி அறுவடையில் நெல்லாக, எல்லா வயல்காரரிடமிருந்தும். அவர் கையில் மண்வெட்டி மட்டும்தான். வயல்காரர்களோ சாதியிலும் சொத்திலும் அவரைவிட மேலே இருப்பவர்கள், அவரை வாசல்படி ஏற விடாதவர்கள். இருந்தும் தண்ணீர் விஷயத்தில் அவர் சொன்னதுதான் கணக்கு. எத்தனையோ வெட்டுக்குத்து அவர் வரப்பில் நின்றதால் நடக்காமல் போயிருக்கிறது. அந்த மனுஷனுக்கு மதிப்பாக ஒரு பட்டம் கொடுக்காமல், மடை திறப்பவனின் பெயரையே நாம் திட்டுச்சொல்லாக்கிக்கொண்டோம் என்று சொல்வார்கள். இன்றைக்குப் பல கண்மாயில் நீர்க்கட்டியும் இல்லை, போர்வெல் வந்தபிறகு அவருக்கு வேலையும் இல்லை.

தாத்தாவுக்கும் எங்கள் ஊர் நீர்க்கட்டிக்கும் நல்ல சிநேகம். ஊர்க்காரர்கள் ஒரு மாதிரி பார்த்தாலும் இரண்டு பேரும் கலுங்கு மேல் உட்கார்ந்து பீடி குடிப்பார்கள். "இவன்தான்டா நம்ம ஊரு யூ.என்.ஓ." என்று தாத்தா சிரிப்பார்.

சாட்சிக்கு மரியாதை இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு வெகுதூரம் போகவேண்டாம். ராமேஸ்வரத்துக்கு அந்தப் பக்கம் பாருங்கள். 2002 பிப்ரவரியில் இலங்கையில் போர்நிறுத்த ஒப்பந்தம் வந்தபோது, நார்வே முதலான ஐந்து நார்டிக் நாடுகளின் கண்காணிப்புக்குழு வந்தது. அது ஐ.நா. குழு அல்ல, ஆனால் வேலை அதேதான், ஆயுதமும் கிடையாது. இரண்டு தரப்பு மீறல்களையும் எண்ணி எண்ணி எழுதினார்கள். ஒரு கட்டத்துக்குப் பிறகு எழுதியதை இரண்டு பக்கமும் மதிக்கவில்லை. 2006ல் ஐரோப்பிய ஒன்றியம் புலிகளைத் தடைசெய்ததும், அந்த ஒன்றியத்தைச் சேர்ந்த மூன்று நாட்டுக் கண்காணிப்பாளர்களும் கிளம்ப வேண்டியதாயிற்று. 2008 ஜனவரியில் ஒப்பந்தமே முடிந்து மிச்சப்பேரும் மூட்டை கட்டினார்கள். அதற்குப் பிறகு 2009 மே வரை வன்னியில் நடந்தது என்ன, எத்தனை பேர் செத்தார்கள் என்று இன்னும் கணக்கு முடியாமல் கிடக்கிறது. அப்போது நான் இந்தக் கல்லூரியில் மூன்றாம் வருஷம். ஹாஸ்டல் டி.வி. முன்னால் ஒருவரும் பேசாமல் நின்றது இங்கே இருக்கும் என் செட்டுக்காரர்களுக்கு நினைவிருக்கும்.

மாணவர்களுக்காக ஒரு விஷயம். பார்வையாளர்கள் என்றால் வெளிநாட்டுக்காரர்கள் மட்டும் இல்லை. நம் நாட்டில் அவர்களை வேண்டாம் என்கிற இதே இந்தியாதான், வெளியே இந்த வேலைக்கு அதிகமாக ஆள் அனுப்புகிற நாடுகளில் ஒன்று. கொரியாவில் 1953ல் போர்க்கைதிகள் பிரச்சினையைத் தீர்க்க அமைத்த நடுநிலை ஆணையத்துக்குத் தலைவர் நம் ஜெனரல் திம்மையா. 1965 டிசம்பரில் சைப்ரஸில் ஐ.நா. படைக்குத் தளபதியாக இருந்தபோதே அவர் இறந்தார். காங்கோவில் 1961 டிசம்பரில் உயிர்விட்ட கேப்டன் குர்பச்சன் சிங் சலாரியாவுக்குப் பரம்வீர் சக்ரா. இப்போது 2022ல் தெற்கு சூடானில் ஐ.நா. படைத்தளபதியாக நியமிக்கப்பட்ட லெப்டினென்ட் ஜெனரல் மோகன் சுப்பிரமணியன், உடுமலைப்பேட்டைக்குப் பக்கத்தில் அமராவதிநகர் சைனிக் பள்ளியில் படித்தவர்.

தங்கைகளுக்குத் தனியாக ஒரு பெயர்: மேஜர் சுமன் கவானி. நம் ராணுவத்தின் சிக்னல்ஸ் பிரிவு அதிகாரி, டெலிகாம் என்ஜினியரிங் படித்தவர். தெற்கு சூடானில் ராணுவப் பார்வையாளராக இருந்து, 2019ஆம் ஆண்டுக்கான ஐ.நா. விருதை பிரேசில் அதிகாரி ஒருவரோடு பகிர்ந்துகொண்டார். பெண் பார்வையாளர் ஒருவர் கிராமத்துக்குள் போனால்தான் அங்கே பெண்களுக்கு நடந்தது வெளியே வரும். ஆண்கள் மட்டும் போய்க் கேட்டால் 'ஒன்றுமில்லை' என்ற பதில்தான் வரும். இது எந்த நாட்டுக்கும் பொது என்று நினைக்கிறேன்.

அபாயமில்லாத வேலை என்று நினைக்கவேண்டாம். 1948ல் பாலஸ்தீனத்தில் தொடங்கியதுதான் ஐ.நா.வின் முதல் பார்வையாளர் குழு, அதுவும் இன்னும் இருக்கிறது. அதே வருஷம் செப்டம்பரில் ஐ.நா. சமாதானத் தூதர் பெர்னடாட் பிரபுவை ஜெருசலேமில் சுட்டுக்கொன்றபோது, பக்கத்தில் உட்கார்ந்திருந்த பிரெஞ்சுப் பார்வையாளர் கர்னல் செரோவும் செத்தார். 2006 ஜூலை 25ல் தெற்கு லெபனானின் கியாம் நிலையில் இஸ்ரேலியக் குண்டு விழுந்து நாலு நாட்டுக்காரர்கள், நாலு பார்வையாளர்கள். கையில் துப்பாக்கி இல்லை என்பது அவர்களைக் காப்பாற்றவில்லை.

இனி கான்கிரீட்.

படிப்பு முடித்து நாலு வருஷத்தில் எனக்கு மூன்றாம் தரப்பு ஆய்வுப் பொறியாளர் வேலை. கட்டுகிறவர் ஒருவர், கட்டச்சொன்னவர் ஒருவர், நடுவில் நாங்கள். பார்க்கவேண்டும், எழுதவேண்டும். நிறுத்துகிற அதிகாரம் கிடையாது. சொல்லப்போனால் வெள்ளை ஜீப் வேலை, எனக்கு அது ஒரு பழைய ஸ்ப்ளெண்டர். ஒரு ஓடைப்பாலம். டெக் ஸ்லாப் போட்டு 28ஆம் நாள் கியூப் டெஸ்ட். அன்றைக்குக் காலையில் பஸ்ஸில் கிளம்பினேன், லேட். லேபுக்குப் போய்ச் சேர்ந்தபோது கியூப்களை உடைத்து முடித்து, துண்டுகளையும் அள்ளிவிட்டார்கள். ரிசல்ட் பேப்பர் தயாராக இருந்தது. நம்பர் எல்லாம் அழகாக இருந்தது, கொஞ்சம் அதிகமாகவே அழகாக. 'எனது முன்னிலையில் சோதிக்கப்பட்டது' என்று அச்சடித்த வரிக்குக் கீழே கையெழுத்துப் போடச் சொன்னார்கள். டீயும் வடையும் வந்தது. போட்டேன்.

அந்த வாரக் கடைசியில் ஊருக்குப் போனபோது தாத்தாவிடம் பேச்சுவாக்கில் சொன்னேன். பெருமையாகத்தான் சொன்னேன், நான் கையெழுத்துப் போட்டால்தான் பில்லே பாஸாகும் என்று. அவர் முறத்தில் கடலை பொறுக்கிக்கொண்டிருந்தார். நிமிராமலே கேட்டார்:

"நீ பார்த்தியா?"

"இல்ல தாத்தா, ஆனா ரிசல்ட் எல்லாம்..."

"அதைக் கேக்கலடா. நீ பார்த்தியா?"

அதற்குமேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை. மத்தியானம் என்னோடு உட்கார்ந்து சாப்பிட்டார், பஸ் ஏற்றிவிட்டார். பஸ்ஸில் அந்தப் பாலத்தைத் தாண்டித்தான் வரவேண்டும். அப்போது அதில் பக்கத்து டைவர்ஷன் வழியாக வண்டி விட்டிருந்தார்கள்.

மறுநாள் ஒரு கடிதம் எழுதினேன். மறு சோதனை வேண்டும், கோர் எடுத்துப் பார்க்கவேண்டும் என்று. யார் கையில் எப்படிப் போனது என்று எனக்குத் தெரியும், இங்கே வேண்டாம். மூன்று வாரத்தில் என்னை அந்த வேலையிலிருந்து எடுத்து வேறு ஜில்லாவுக்கு மாற்றினார்கள். கோர் எடுக்கவில்லை. பாலம் திறந்து பத்து வருஷத்துக்கு மேலாகிறது, நிற்கிறது. நல்லாவே கட்டியிருக்கலாம், எனக்குத் தெரியாது. ஊருக்குப் போகும்போதெல்லாம் அதன்மேல்தான் போகிறேன். எக்ஸ்பான்ஷன் ஜாயிண்டில் பஸ் 'டக் டக்' என்று ஏறி இறங்கும்போது பேச்சை நிறுத்திவிடுவேன். என் மனைவிக்கு இந்த விஷயம் தெரியும், அவளும் பேசமாட்டாள்.

தாத்தா 2016ல் போனார். அந்தக் கடிதத்தின் நகலை வைத்திருக்கிறேன். ஒரு பக்கம்தான். எழுதும்போது எனக்கு நிறைய காரணம் சொல்லத் தோன்றியது: பஸ் லேட், ரோடு ரிப்பேர், எனக்காகக் காத்திருக்காமல் உடைத்துவிட்டார்கள் என்றெல்லாம். எல்லாவற்றையும் அடித்துவிட்டேன். கடைசியில் நின்றது ஒரே வரி: 'மேற்படி சோதனையை நான் நேரில் பார்க்கவில்லை.' அதற்குக் கீழே என் கையெழுத்தும், தேதியும்.